மூன்றாவது கடி

பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். அவள் இரண்டு கைகளையும் முழங்கைவரை உள்ளே விட்டு, மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய பல் பிரஷால் மூலைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அடுக்கி விளையாடும் கட்டைகள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. தேய்த்த கட்டையை வெளிச்சத்தில் பிடித்து ஆறு பக்கமும் பார்ப்பாள். பிறகு கட்டைவிரலால் ஓரங்களைத் தடவுவாள். சரியாக இருந்தால் துண்டின்மேல், இல்லையென்றால் வாளிக்குள்.

"அதை ஏன் வாளியில போட்டே? நல்லாத்தானே இருக்கு" என்றேன்.

"ஓரம் பிளந்திருக்கு."

"கோந்து வச்சா ஒட்டிக்கும்."

"ஒட்டினது ஒருநாள் பிரியும். அன்னிக்கு யார் விரல்ல சிராய் ஏறும்னு உனக்குத் தெரியுமா?"

ஈரமான துண்டை எடுத்துவிட்டு வேறு துண்டு விரித்தேன்.

அவள் எங்கள் பாலர் பள்ளிச் சங்கத்தின் செயலாளர். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாற்பது பிள்ளைகள், இரண்டு வகுப்பறை, ஒரு சமையலறை, ஒரு மணல்குழி, இவற்றை நடத்த ஐந்து பேர் கொண்ட குழு. இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் வந்து கழுவித் துடைத்தவர்கள்தான் குழுவுக்கு நிற்கலாம் என்பது தொடக்கத்திலிருந்து வரும் வழக்கம். நான் மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் பராமரிப்பு வேலை பார்த்தவள் என்பதால் பிள்ளைகளின் நகம், தலை, தோல், எடை எல்லாம் என் பொறுப்பு. மிச்சமெல்லாம் அவள் பொறுப்பு. தலைவர் என்று ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். அவள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவார்.

பெற்றோர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'சோதனை'. மாத்திரைத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவள், அதனால் அந்தப் பெயர் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவளும் நம்பினாள்.

தாய் சாகும்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, தம்பிக்கு நான்கு. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். காலையில் தம்பியை இதே பள்ளியில் விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்கு ஓடுவாள். அங்கே ஓடும் பட்டையின் முன்னால் உட்கார்ந்து, கண்ணெதிரே நகரும் வெள்ளை மாத்திரைகளில் உடைந்தது, விரிசல் விட்டது, புள்ளி விழுந்தது எல்லாவற்றையும் இடுக்கியால் எடுத்து வெளியே போட வேண்டும். இப்படி முப்பது வருடம். கூட இருந்தவர்கள் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இவளுக்குக் கண் கெடவில்லை. வேலை முடிந்து வந்த பிறகும் அந்தக் கண்ணை மூடத் தெரியவில்லை என்பதுதான் சிக்கல்.

கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது. முதல் ஆளுக்குத் தம்பியும் கூட வருவது பிடிக்கவில்லை. இரண்டாவது ஆளை இவளுக்குப் பிடிக்கவில்லை. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தானாம். போன வருடம் தொழிற்சாலையில் மாத்திரையைப் பார்க்க ஓர் இயந்திரம் வாங்கினார்கள். அவளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு இருந்தது தம்பி குடும்பமும் இந்தப் பள்ளியும்தான்.

அவளால் நல்லதும் நடந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒருமுறை ஒரு பிள்ளை சறுக்குமரத்திலிருந்து விழுந்து தோள் எலும்பு முறிந்தது. அப்போது யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அன்றுதான் காயப் பதிவேடு என்று ஒன்றைத் தொடங்கினாள். பக்கத்துக்கு ஒரு பிள்ளை உருவம் அச்சடித்திருக்கும். காயம் பட்ட இடத்தில் வட்டம் போட்டு, யாரால், எப்படி, எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். எழுதுவது செயலாளர் மட்டும். தொழிற்சாலை வேலை இருந்தவரை மாலையில் வந்து எழுதுவாள். அதற்குப் பிறகு பிள்ளைகள் விழுவது பாதியாகக் குறைந்தது.

கடிக்கும் பிள்ளைகளுக்கு விதி போட்டதும் அவள்தான். ஒரு பருவத்தில் மூன்று கடி பதிவானால் பெயர் நீக்கம். குழு கை தூக்கி உறுதி செய்ய வேண்டும். பதிவேட்டில் எழுதியதை யாரும் அடிக்கக் கூடாது, எழுதிய செயலாளரே தவறு என்று குழுவின் முன் சொன்னால் ஒழிய.

அந்த விதியில் இதுவரை ஒரு பிள்ளை வெளியே போயிருந்தான், பேக்கரிக்காரரின் கடைசிப் பையன். அது மூன்று வருடத்துக்கு முன்பு. பேக்கரிக்காரர் மாவு படிந்த மேலங்கியோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மூணாவது சும்மா பல் பட்டதும்மா. தோல்கூடக் கிழியல. அது ஒண்ணை மட்டும் அடிச்சிடுங்க. அவங்கம்மா படுக்கையில இருக்கா, பகல்ல பையனை யார்கிட்ட விடுவேன்?"

"அடிச்சா அதுக்குப் பேர் பதிவேடு இல்ல. கிறுக்கல்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் துடைக்கும் துணியோடு பள்ளிக்கு வந்தார். இரண்டு வருடம் ஒரு வாரம் தவறாமல் ஜன்னல் துடைத்தார். பிள்ளைதான் இங்கே இல்லையே, எதற்கு வருகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜன்னல்கள் பளபளவென்று இருந்தன. இரண்டு வருடம் முடிந்ததும் குழுவுக்கு நின்றார், வந்தார். குழுவில் ஐந்தாவது ஆள் ஒரு வக்கீல் குமாஸ்தா. விதிப் புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிப்பார், எதையும் கேலியாகத்தான் சொல்லுவார்.

தம்பி குளிர்பதன லாரி ஓட்டுகிறான். வாரத்தில் நான்கு நாள் வழியில்தான் இருப்பான். அவன் மனைவி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். அவர்களுக்கு ஒரே மகள், நான்கு வயது, சிட்டு என்று கூப்பிடுவோம். எல்லோரும் ஒரே வீடு. சிட்டு பிறந்த நாள்முதல் இந்த அத்தை மடியில்தான் வளர்ந்தாள். 'அத்தை' என்ற சொல்தான் முதலில் பேசியது. 'அம்மா' பிறகுதான் வந்தது. அதில் தம்பி மனைவிக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சிட்டு இந்தப் பருவத்தில் பள்ளியில் சேர்ந்தாள். முதல் மாதமே இரண்டு பேரைக் கடித்தாள். இரண்டும் உண்மை. ஒன்று மூன்று சக்கர வண்டிக்காக, மற்றொன்று எதற்காகவும் இல்லை. ஆசிரியை வாயைத் திறப்பதற்குள் அத்தையே பேனாவை எடுத்து இரண்டையும் பதிந்தாள். பெற்றோர் கூட்டத்தில் அதைச் சொல்லியும் காட்டினாள்: "என் தம்பி பொண்ணுன்னாலும் எழுதுவேன்."

"உன் தம்பியும்தான் இங்க கடிச்சான். மறந்துட்டியா? காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போவே" என்றேன் பிறகு.

"அப்ப பதிவேடு இல்ல" என்றாள்.

ஒரு திங்கட்கிழமை புதிதாக ஒரு பையன் சேர்ந்தான். அவன் அம்மா விட்டுவிட்டுப் போனதிலிருந்து ஓயாத அழுகை. பத்து மணிக்கு ஆசிரியை கத்தினார். மேசைக்கு அடியில் புதுப்பையனும் சிட்டுவும் இருந்தார்கள். பையனின் முன்கையில் பல் தடம். செயலாளர் சமையலறையிலிருந்து வந்தாள். சிட்டுவைப் பார்த்தாள், பதிவேட்டை எடுத்தாள், எழுதினாள். பையனின் கையை அவள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் வீட்டுப் பிள்ளை என்பதால் தயங்கினாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது, அந்த அவசரம்.

மறுநாள் நகம் வெட்ட நான் போனேன். புதுப்பையனை மடியில் உட்காரவைத்துச் சட்டைக் கையை மடித்தேன். புதுத் தடத்துக்குக் கீழே பழைய தடங்கள் நான்கு இருந்தன, மஞ்சள் பாய்ந்து. மஞ்சள் பாய ஒரு வாரம் ஆகும். அவன் சேர்ந்தோ ஒரு நாள்தான் ஆகிறது. இதை யோசித்து முடிப்பதற்குள் நகவெட்டியைப் பார்த்துப் பயந்த பையன், கையைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோய் அதே இடத்தில் நறுக்கென்று கடித்துக்கொண்டான். முதியோர் இல்லத்திலும் இப்படிப் பார்த்திருக்கிறேன். பயம் வந்தால் தன் கையைத் தானே கடிப்பார்கள். ஈரத்துணி சுற்றி, கையில் பிடிக்க ஒரு ரப்பர் வளையம் கொடுத்தேன். அடங்கினான்.

நேராக அவளிடம் போனேன். துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பையன் தன்னைத்தானே கடிச்சுக்கிறான். என் கண்ணால பார்த்தேன். சிட்டு கடிக்கல."

மடிப்பது நின்றது. "எப்ப பார்த்தே?"

"இப்ப. பழைய தடமும் இருக்கு. வா, காட்டுறேன்."

அவள் வரவில்லை. "எழுதியாச்சு" என்றாள்.

"எழுதினது தப்பு."

"நான் எழுதினது இதுவரைக்கும் தப்பானதில்ல."

"இது தப்பு. நாளைக்குக் குழுவுல சொல்லு, முடிஞ்சுது. உனக்கு ஒரு நிமிஷ வேலை."

ஒரு துண்டை நான்காக மடித்து, பிரித்து, மறுபடி நான்காக மடித்தாள்.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தம்பி மனைவிக்கு நீராவி பட்டு மணிக்கட்டில் கொப்பளம், கட்டு மாற்றினேன். கையை என்னிடம் கொடுத்துவிட்டு, நாத்தனாரைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணி, நான் சலுகை கேக்கல. நடந்ததைச் சொல்லுங்கன்னுதான் கேக்கிறேன். இவங்களே பார்த்திருக்காங்க."

"குழு முடிவு பண்ணும்."

"குழுன்னா நீங்கதானே? இந்த இடம் போச்சுன்னா அடுத்த பள்ளிக்கு ரெண்டு பஸ் மாறணும். அங்கயும் ஒரு வருஷம் காத்திருக்கணும். நான் வேலையை விடணும். வேலையை விட்டா இங்க இருந்து என்ன பண்ண? எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அங்கயிருந்தும் அவர் லாரி ஓட்டலாம்."

"போறதுன்னா போ. நான் யாரையும் கட்டிப்போடல."

"பிள்ளையையும் சேர்த்துத்தான் சொல்றேன் அண்ணி."

நாத்தனார் எழுந்துபோய்ச் சிட்டுவின் பள்ளிப்பையில் மாற்றுத்துணி இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. மறுபடியும் பார்த்தாள்.

தம்பி வழியிலிருந்து போனில் பேசினான். பேச்சைத் தம்பி மனைவி எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். "அக்கா, நீ எவ்வளவோ தள்ளியிருப்பே. எம்பொண்ணு உன் பெல்ட்டுல ஓடுற மாத்திரை இல்லக்கா" என்றான். கெஞ்சலாகத்தான் சொன்னான். அவள் போனை அணைத்துவிட்டாள்.

புதன்கிழமை மாலை ஆறு மணிக்குக் குழு கூடியது. வகுப்பறையில் பிள்ளைகளின் குட்டை நாற்காலிகள்தான். உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை முட்டும். "இதுல உக்காந்தாச்சு. எழுந்திரிக்கத் தனியா ஒரு தீர்மானம் போடணும்" என்றார் குமாஸ்தா. ஒருவரும் சிரிக்கவில்லை.

அவள் பதிவேட்டை விரித்து மூன்று பதிவுகளையும் படித்தாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. பிறகு நான் பார்த்ததைச் சொன்னேன்: பழைய தடம், மஞ்சள், பையன் என் மடியில் கடித்துக்கொண்டது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப பிரச்சனையே இல்லையே. செயலாளரம்மா, பதிவு தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. விதியிலேயே இடம் இருக்கு. வீட்டுக்குப் போகலாம்."

"சொல்லட்டும். நானும் அதைத்தான் விரும்புறேன்" என்றார் பேக்கரிக்காரர்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். நிதானமாகப் பேசினார். "கையைப் பார்க்காமலே எழுதிட்டேன்னு சொல்லுங்கம்மா. எழுதிக்கலாம். அப்புறம் என் பையனோட மூணாவது கடியை எப்படி எழுதினீங்கன்னு ஒரு கேள்வி கேப்பேன். அன்னிக்குக் கையைப் பார்த்தீங்களா?"

"உங்க பையன் கடிச்சான்" என்றாள்.

"பார்த்தீங்களான்னு கேட்டேன்."

அவள் பதிவேட்டின் விளிம்பை விரலால் நேர்செய்தாள்.

"சின்னப் பிள்ளை விஷயம்யா இது. இந்தக் குழந்தை உங்களுக்கு என்ன பண்ணுச்சு?" என்றார் குமாஸ்தா.

"ஒண்ணும் பண்ணல. கடிக்கவே இல்லைன்னு நானும் நம்புறேன். இந்தம்மா பார்த்தேன்னா பார்த்திருப்பாங்க. ஆனா எழுதியிருக்கே. என் வீட்டு விஷயத்துல எழுதினதுதானே பெரிசா இருந்துது?"

"இதுக்குத்தான் ரெண்டு வருஷம் ஜன்னல் துடைச்சீரா?"

"ஆமா" என்றார் பேக்கரிக்காரர்.

நான் அவள் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "சொல்லிடு" என்றேன். "அவர் கேக்கிறதைக் கேக்கட்டும். பார்க்கலைன்னா பார்க்கலைன்னு சொல்லு. ரெண்டு தப்பு, அவ்வளவுதான். யாரும் சாகப் போறதில்ல."

அவள் முகத்தை நான் பக்கத்தில் பார்த்தேன். சாகக் கிடப்பவர்கள் பலரைப் பார்த்தவள் நான். மனம் எந்தப் பக்கம் போகிறது என்பது முகத்தில் தெரியும். ஒரு கணம் இந்தப் பக்கம் வந்தாள். வாய்கூடத் திறந்தது. அப்போது பேக்கரிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார், நாடகம் பார்க்க வந்தவர்போல. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"பதிவு சரி" என்றாள்.

"அப்ப இவங்க பொய் சொல்றாங்களா?" குமாஸ்தா என்னைக் காட்டிக் கேட்டார்.

"வயசாயிடுச்சு. தப்பாப் பார்த்திருக்கலாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவின் மூடியைத் திருகித் திருகி மரை கழன்றுவிட்டது.

தலைவர் பெருமூச்சு விட்டார். "பதிவு சரின்னா விதிப்படிதான் போகணும். நீக்கத்துக்குச் சம்மதம்னா கை தூக்குங்க." தன் கையை அரைகுறையாகத் தூக்கினார். பேக்கரிக்காரர் தூக்கினார். நானும் குமாஸ்தாவும் தூக்கவில்லை. இரண்டுக்கு இரண்டு.

"நீங்க தூக்க வேணாம்மா. சொந்தக்காரங்க ஒதுங்கிக்கலாம். சமமா நின்னா பிள்ளை பள்ளியிலேயே இருக்கும்" என்றார் குமாஸ்தா. கேலி எதுவும் இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"ஒதுங்கிக்கணும்னு விதி இருக்கா?"

"இல்ல."

அவள் கையை முழுதாக, நேராகத் தூக்கினாள். பிறகு அதே கையால் மூன்றுக்கு இரண்டு என்று குறிப்பில் எழுதினாள்.

பேக்கரிக்காரர் உடனே எழுந்திருக்கவில்லை. "என் பையன் அதுக்கப்புறம் யாரையும் கடிச்சதில்ல. நீங்க கேக்கவே இல்லியே" என்றார். அவள் அப்போதும் கேட்கவில்லை. அவர் தன் நாற்காலியை மேசைக்கு அடியில் சரியாகத் தள்ளிவைத்துவிட்டுப் போனார். நினைத்து வந்தது கிடைத்துவிட்டது. முகத்தில் அதற்கான தெம்பு எதுவும் இல்லை.

அவளோடு தெருமுனைவரை நடந்தேன். "வீட்டுல என்ன சொல்லப் போறே?" என்றேன்.

"குழு விஷயத்தை வீட்டுல பேசுற பழக்கம் இல்ல."

"பேசு. இன்னிக்கே பேசு. காலையில பிள்ளையைக் கிளப்பிட்டு வந்து நிப்பா."

"விதிப்படி அறிவிப்பு காலையில வாசல்ல குடுக்கணும்" என்றாள்.

அவள் வீட்டில் பேசவில்லை. தம்பி மனைவி கேட்டதற்கு, "குறிப்பு எழுதணும், தூங்கு" என்று மட்டும் சொன்னாளாம். ஆகையால் அவர்கள் நல்லபடி முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை வாசலில் நிற்க வேண்டிய முறை செயலாளருடையது. நான் எடை பார்க்கும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு எட்டே முக்காலுக்கு வந்தபோது, அவள் கதவைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைப் பெயர் சொல்லி உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள். ஏழெட்டுப் பெற்றோர் நின்றிருந்தார்கள். சிட்டு அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடிவந்தாள்.

"அத்தை, இன்னிக்கு நான் ஷூவை நானே போட்டேன்."

அவள் கம்பிக் கதவைச் சாத்தி நாதாங்கியைப் போட்டாள். கம்பிகளுக்கு இடையே ஒரு தாளை நீட்டினாள். தம்பி மனைவி கட்டுப்போட்ட கையால் அதை வாங்கினாள். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். அவர்கள் தங்கள் பிள்ளைகளின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

"நேத்து ராத்திரி ஒரே கூரைக்குக் கீழதானே அண்ணி படுத்திருந்தோம்" என்றாள்.

அவள் அடுத்து நின்ற பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டாள்.

சிட்டு அதை விளையாட்டு என்று நினைத்தாள். கம்பிக்கு இடையே கையை விட்டு நாதாங்கியைத் திறக்கப் பார்த்தாள். அவள் அந்தக் கையைப் பிடித்து, பக்குவமாக, விரல் எங்கும் நசுங்காமல் வெளியே தள்ளினாள். "அடுத்தவங்களுக்கு வழி விடு" என்றாள். பிள்ளை இரண்டு முறை சிரித்தாள். மூன்றாவது முறை கை வெளியே தள்ளப்பட்டபோது அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி மனைவி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சலவைக்கூடத்தின் பக்கம் போகாமல், வந்த வழியே நடந்தாள்.

ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டினாள். உள்ளே வந்து கை கழுவினாள். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரின்மேல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டாள். காத்திருப்போர் பட்டியலை எடுத்து முதல் எண்ணுக்குப் போன் செய்தாள்.

"உங்க பிள்ளைக்கு ஒரு இடம் காலியாயிருக்கு. நாளையிலேர்ந்து அனுப்பலாம். மாத்துத் துணி ரெண்டு செட். ஒன்பது மணிக்கு மேல கதவு திறக்க மாட்டோம்."

அந்தப் பக்கம் யாரோ நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். நான் வரிசையில் நின்ற முதல் பிள்ளையை எடை இயந்திரத்தில் ஏற்றினேன். பதினைந்து கிலோ இருநூறு. அவள் எழுதிக்கொண்டாள்.